ஹார்லன் டிட்மர் தேர்ந்தெடுத்த காளைகள்

எங்கள் வட்டாரத்தில் காளை வாங்கப் புறப்படுகிறவர்கள் நேராக ஏலத்துக்குப் போகமாட்டார்கள். வழியில் ஹார்லன் டிட்மரை வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளுக்கு நான் மாட்டு வைத்தியனாக வந்து சேர்ந்தது 1941இல். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. சொந்தமாக நூற்று நாற்பது பசுக்கள், எல்லாம் சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமான ஹெர்ஃபோர்டு. பெரிய பண்ணைக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஒரு காளையைப் பார்த்து "ம்" என்று சொல்லிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூக்கைச் சொறிந்தாரென்றால் வந்தவர்கள் அடுத்த பட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அவர் மாட்டை முன்பக்கமிருந்து பார்க்கமாட்டார். பின்னால் போய் நின்றுகொண்டு யாரையாவது ஓட்டச் சொல்வார். பின்னங்கால் இரண்டும் எப்படி விழுகின்றன, முட்டி உள்ளே திரும்புகிறதா, குளம்பு மண்ணில் சமமாகப் பதிகிறதா என்று பார்ப்பார். பிறகு பக்கவாட்டில் வந்து முதுகுக் கோட்டைப் பார்ப்பார். இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். கண்ணிமை நல்ல நிறமாக இருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பார். வெளிறிய இமையுள்ள வெள்ளை முக மாட்டுக்கு இந்த வெயிலில் கண்ணில் புற்று வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே வாய் திறக்கமாட்டார். "இதோட அம்மா எங்க?" என்பார். தாயின் மடியையும் குணத்தையும் பார்க்காமல் மகனைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

அவருடைய மந்தை முழுக்க ஒரே வம்சம். அவர் அப்பா முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு நல்ல காளையை வாங்கிவந்து, அதன் மகன்களையும் பேத்திகளையும் தங்களுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்தது. வெளி ரத்தம் கிடையாது. இப்படிச் செய்தால் கன்றுகள் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக வரும் என்பது கணக்கு. ஆபத்தும் உண்டு. ஒருநாள் நான் அதைக் கேட்டேன்.

"நல்லது ரெட்டிப்பாகும் டாக்டர், கெட்டதும் ரெட்டிப்பாகும், நிஜம்தான்" என்றார். "கெட்டது வந்தா கண்ணுல படாதா? பட்டா கழிச்சிட வேண்டியதுதான். அதுக்குத்தானே கண்ணு இருக்கு."

1944இல் அந்த மந்தையில் ஜெனரல் பிறந்தது. அந்தக் காளையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செங்கல் அடுக்கியதுபோல உடம்பு, குட்டைக் கால், அகன்ற நெற்றி, நெஞ்சு கிட்டத்தட்டத் தரையைத் தொடும். அந்தக் காலத்து நடுவர்களுக்கு அப்படிப்பட்ட கட்டுமஸ்தான குட்டை மாடுகள்தான் வேண்டும். காலுக்கு ஏன் தீனி போட வேண்டும், கறி முதுகிலும் தொடையிலும்தானே இருக்கிறது என்பார்கள். மாநிலக் கண்காட்சியில் ஜெனரலுக்கு முதல் பரிசு ரிப்பன் கிடைத்தது. ஹார்லன் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலேயே மேசை முன்னால் உட்கார்ந்து, மனைவி லூயெல்லா ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்துச் சுட்ட பலகாரத்தை முழுசாகத் தின்றதாக அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவ்வளவுதான் அவருடைய கொண்டாட்டம்.

அதன் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஒன்பது பண்ணைகளுக்கு ஜெனரலின் மகன்கள் போயின. ஒவ்வொன்றையும் அவரே பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். 1949 ஜூனில் அவருடைய ஒரே மகள் வேராவுக்கும் லைல் ஹோஸ்டெட்லருக்கும் கல்யாணம். லைலுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, மாடு இல்லை. மாமனார் பன்னிரண்டு கிடாரிகளைச் சீராகக் கொடுத்தார். மூன்று நாள் மேய்ச்சலில் நடந்து பொறுக்கிய பன்னிரண்டு. எல்லாம் ஜெனரலின் மகள்கள். கூடவே ஜெனரலின் மகன் ஒன்று. கல்யாணத்தன்று வேரா தேவாலயத்திலிருந்து நேராகப் பட்டிக்குப் போய், வெள்ளை உடையோடு வேலியில் ஏறி உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனிமேல் சொல்லப்போவதில் என் பங்கும் இருக்கிறது.

1950 வசந்தத்தில் மெரிட் க்ரோவ்னர் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். எங்கள் வட்டாரத்திலேயே பெரிய பண்ணை அவருடையது. என் வருமானத்தில் பாதி அங்கிருந்துதான் வந்தது. ஒரு கன்றைக் காட்டினார். பிறந்து மூன்று வாரம். நெற்றி வெளியே பிதுங்கியிருந்தது, கீழ்த்தாடை முன்னால் நீண்டிருந்தது, வயிறு உப்பி, கால்கள் சாண் அளவுக்கு. மூச்சு விடும்போது மனிதன் குறட்டை விடுவதுபோலச் சத்தம். க்ரோவ்னர் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். குழியில் அதேபோலப் பதினொன்று செத்துக் கிடந்தன.

"தீனில ஏதோ சத்துக் குறைவு, டாக்டர். அப்படித்தானே?" என்றார்.

அது கேள்வி இல்லை என்று எனக்குப் புரிந்தது. "அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"வெளியில பேச்சு வரக்கூடாது. வந்தா யார் வாயிலேர்ந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும்."

அடுத்த வசந்தத்தில் ஹார்லனிடமிருந்து அழைப்பு வந்தது. போனபோது அவர் மேய்ச்சலில் முழங்காலிட்டு ஒரு கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தூரத்திலேயே எனக்கு அந்தக் குறட்டை கேட்டுவிட்டது.

"ரெண்டாவது டாக்டர். போன வாரம் ஒண்ணு செத்துப்போச்சு. இந்த மாதிரி வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னால் நம்புகிற மனிதர் அவர். "மாடு நக்கற உப்புல அயோடின் கம்மியா இருக்கலாம். உப்புக் கட்டிய மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாளே அறுபது மைல் வண்டி ஓட்டிப்போய் வேறு உப்பு வாங்கிவந்தார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஜெனரலையும் அதன் மகன்களையும் அதே பசுக்களோடு விட்டார், கன்றுகளை விற்றார், மற்றவர்களுக்குக் காளை பொறுக்கிக் கொடுத்தார்.

1953 மார்ச் மாதம் ஒருநாள் மதியம் என் மருந்தறைக்கு வந்தார். கையில் சுவரில் ஒட்டுகிற காகிதச் சுருள். அதன் பின்பக்கத்தில் அவருடைய மந்தையின் வம்சம் முழுவதையும் பென்சிலால் எழுதியிருந்தார். அந்த மாதிரிக் குட்டைக் கன்று பிறந்த இடங்களில் சிவப்பு வட்டம். மேசையில் விரித்து நான்கு மூலைகளிலும் மருந்து பாட்டில்களை வைத்தார்.

"உப்பு இல்ல டாக்டர். பாருங்க. வட்டம் போட்ட ஒவ்வொண்ணுக்கும் அப்பா பக்கமும் ஜெனரல், அம்மா பக்கமும் ஜெனரல். ஒரு பக்கம் மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகல. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வருது. நாலுக்கு ஒண்ணு. உள்ள ஒளிஞ்சிருக்கு." பிறகு தணிந்த குரலில், "லைல் வீட்ல போன வருஷம் மூணு. இந்த வருஷம் நாலு" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அப்படியும் இருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

ஹார்லன் வட்டார மாடு வளர்ப்போர் சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லப்போவதாக முடிவு செய்தார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு லைலும் வேராவும் வந்தார்கள். ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்த நானும் அந்தச் சமையலறையில் காபியோடு மாட்டிக்கொண்டேன்.

"மாமா, சொல்லாதீங்க" என்றான் லைல். "மெல்ல மெல்ல வெளி ரத்தம் சேத்துச் சரி பண்ணிடலாம். ஒரு மூணு வருஷம் வாய மூடிக்கிட்டிருந்தா போதும்."

"அந்த மூணு வருஷம் விக்கிற காளை எல்லாம் எங்க போகும் லைல்?"

"எங்கயோ போகட்டும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"எல்லாரும்னா யாரு? பேரச் சொல்லு."

லைலுக்குப் பெயர் தெரியாது. தெரிந்தவன் நான் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

வேரா, "அப்பா, அந்தப் பன்னெண்டு மாடுதான் எங்களுக்கு இருக்கறது. நீங்க பாத்துக் குடுத்தது" என்றாள்.

"தெரியும்மா."

"தெரிஞ்சும் சொல்லப்போறீங்களா?"

லூயெல்லா மேசையிலிருந்து தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள். இன்னும் யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

கூட்டம் நகரத்து மன்றத்தில் நடந்தது. ஹார்லன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்று, எந்தெந்தப் பசு, எந்தெந்தக் காளை, எத்தனை கன்று என்று பெயர் சொல்லிப் படித்தார். தான் விற்ற ஒன்பது பண்ணைகளின் பெயரைச் சொல்லவில்லை. "எங்கிட்ட வாங்கினவங்க தனியா வந்து கேட்டா எந்த மாட்டுல இருக்கும்னு சொல்றேன்" என்று முடித்தார். பிறகு க்ரோவ்னர் எழுந்தார்.

"பாவம் ஹார்லன். நெனச்சாவே கஷ்டமா இருக்கு. நல்லவேளை, நம்ம யாரோட மந்தையிலயும் இப்படி ஒண்ணும் வரல. என்ன டாக்டர்?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஹார்லனும் பார்த்தார். "நான் பாக்கல" என்றேன்.

அன்றோடு டிட்மர் மந்தைக்கு மதிப்புப் போயிற்று. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக யாரும் வரவில்லை. தீவனக் கடையில் பர்ட் ஸ்லாகல் என்ற பண்ணைக்காரன் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்: "என்னய்யா ஹார்லன், சர்க்கஸுக்கு மாடு சப்ளை பண்றியாமே? கோமாளிக்குச் சவாரி போகச் சரியான உசரம்னு சொல்றாங்க!" கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் வீட்டில் அதே குட்டைக் கன்றுகளை நான் பார்த்திருக்கிறேன். ஹார்லன் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

லைல் அந்த இலையுதிர்காலத்தில் பன்னிரண்டையும் கசாப்புக்கு அனுப்பிவிட்டு நிலத்தையும் விட்டான். ஒமாஹாவில் ஒரு மாடு வெட்டும் ஆலையில் வேலை கிடைத்தது. வேரா புறப்படுகிற அன்று அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். கடிதங்கள் லூயெல்லா பெயருக்குத்தான் வந்தன.

ஹார்லன் விட்டுவிடவில்லை. வம்சத்தில் சுத்தமான ஒரு காளையாவது இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் அப்பா ஆரம்பித்ததை மீட்டுவிடலாம் என்று நம்பினார். அதற்கு ஒரே ஒரு வழிதான் அப்போது இருந்தது. குட்டைக் கன்று ஈன்ற பசுக்களில் பதினெட்டை வைத்துக்கொண்டார். அவற்றில் அந்தக் குறை இருப்பது நிச்சயம். ஒரு இளங்காளையை அவற்றோடு விட வேண்டும். காளையிலும் குறை இருந்தால் குட்டை பிறக்கும். ஒன்றுகூடப் பிறக்காவிட்டால் காளை சுத்தம். ஒரு காளைக்கு ஒரு வருஷம்.

முதல் வருஷம் மந்தையிலேயே அழகான காளையை விட்டார். ஜெனரலின் பேரன், அச்சு அசல் தாத்தா. 1954 வசந்தத்தில் பதினாறு கன்று பிழைத்தன, நான்கு குட்டை. இரண்டாவது வருஷம் அடுத்த அழகான காளை. ஐந்து குட்டை. குறட்டைச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும்போது லூயெல்லா ஜன்னலைச் சாத்துவாள்.

மூன்றாவது வருஷம் எந்தக் காளையை விடுவதென்று அவர் வேலியருகே நின்றுகொண்டிருந்தபோது நான் சொன்னேன்: "ஹார்லன், நீங்க கழிச்சதுல ஒண்ண விட்டுப் பாருங்க."

கழித்த பட்டியில் ஒன்று இருந்தது. நெட்டைக் கால், ஒடுக்கமான முகம், ஒட்டிய வயிறு. காயடிக்க நேரமில்லாமல் விட்டுவைத்தது. அதைப் பார்த்து மூக்கைச் சொறிந்தார். ஆனாலும் கதவைத் திறந்து விட்டார்.

1956 வசந்தத்தில் அந்தப் பதினெட்டுப் பசுக்களும் பதினெட்டுக் கன்று ஈன்றன. கால் நீண்ட, முகம் நீண்ட, ஆரோக்கியமான கன்றுகள். குட்டை ஒன்றுகூட இல்லை. லூயெல்லா கொட்டகை வாசலில் நின்று அழுதாள். "கிடைச்சிடுச்சு ஹார்லன்! மூணு வருஷமா நீ தேடினது இதுதானே?"

அவர் வீட்டுக்குள் போய்ச் சின்னச் சின்னச் சட்டைப்பை நோட்டுகளாக ஒரு காலணிப் பெட்டி நிறையக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கன்றும் பால் மறக்கும்போது அதைப் பார்த்து மதிப்புப் போடுவது அவர் வழக்கம். சுமாருக்கு ஒரு கோடு, நல்லதுக்கு இரண்டு, உயர்ந்ததுக்கு மூன்று. "டாக்டர், நான் நம்பரச் சொல்றேன். நீங்க கோட்டப் படிங்க" என்றார்.

குட்டை ஈன்ற பதினெட்டுப் பசுக்களின் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பக்கம் புரட்டிப் படித்தேன். மூன்று. மூன்று. மூன்று. இரண்டு. மூன்று. பதினெட்டில் பதினைந்துக்கு மூன்று கோடு. அவர் மந்தையில் மொத்தமாகவே நாலில் ஒன்றுக்குத்தான் மூன்று கோடு கிடைக்கும். தோற்றுப்போன இரண்டு காளைகளுக்கும் மூன்று. சுத்தமான காளைக்கு ஒரு கோடுகூட இல்லை. "விற்க" என்று எழுதியிருந்தது.

அந்த ஒளிந்த குறை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் மாட்டைக் கொல்லாது. காலைக் கொஞ்சம் குட்டையாக்கும், நெற்றியைக் கொஞ்சம் அகலமாக்கும், உடம்பைத் திரட்டிக் கொடுக்கும். நடுவர்கள் ரிப்பன் கட்டியது அதற்குத்தான். அவர் முப்பது வருஷமாகப் பட்டி பட்டியாக நடந்து, ஆயிரம் மாட்டுக்கு நடுவிலிருந்து தவறாமல் பொறுக்கியெடுத்தது அதைத்தான். அவர் கண் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

நோட்டை மூடி வைத்தேன். லூயெல்லா, "அதனால என்ன? சுத்தமான காளை கையில இருக்கே. அத வச்சு ஆரம்பிக்கலாம்" என்றாள்.

"இத நான் தேடல லூயெல்லா. இத நான் கழிச்சேன்" என்றார். "இனிமே எதப் பாத்து எத வச்சுக்கறது? நல்லா இருக்குன்னு எனக்குத் தோணினா அதுல இருக்கு. எனக்குப் பிடிக்காதத வச்சுக்கவா? அதுக்கு நான் எதுக்கு?"

அக்டோபரில் மந்தை முழுவதும் லாரி ஏறியது. கறி எடைக்கு விற்பனை. அந்த நெட்டைக் காளையும் போயிற்று. அதன் வம்சம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. கடைசி லாரியின் கதவை நான்தான் தாழிட்டேன். அப்போது சொல்லிவிட்டேன். க்ரோவ்னர் வீட்டுக் குழியையும் பதினொரு கன்றையும், அயோடின் உப்பு பொய் என்பதையும்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றி விரல்விட்டு எண்ணினார். "அம்பத்தி ஒண்ணுலேர்ந்து அம்பத்தி மூணு வரைக்கும்... எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு மாடு வித்திருக்கேன் டாக்டர், அந்த ரெண்டு வருஷத்துல. அதுல முப்பது மத்தவங்களோட மந்தைக்குக் காளையாப் போச்சு."

"மன்னிச்சிடுங்க ஹார்லன்."

"லைல்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

நான் லைலிடம் சொல்லவில்லை. ஒமாஹாவுக்கு இரண்டு முறை போயும் அந்தத் தெருவுக்குள் வண்டியைத் திருப்பவில்லை.

க்ரோவ்னர் சத்தமில்லாமல் பழைய மந்தையை விற்றுவிட்டு வெளியிலிருந்து புது மாடு கொண்டுவந்தார். சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். ஹார்லன் புல்வெளியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாவட்டத்து மண்சாலைகளைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டப் போனார். பத்து வருஷம் ஓட்டினார். என் வண்டி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, எல்லோருக்கும் தூக்குவதுபோல ஒரு விரலைத் தூக்குவார். சாலையின் இரண்டு பக்கமும் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவர் வண்டியின் முன்னால் இருக்கிற மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு போவார்.

1966 ஆகஸ்டில் வண்டியில் உட்கார்ந்தபடியே இதயம் நின்றுபோய்ச் செத்தார். சவப்பெட்டி தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். லூயெல்லா கேட்டுக்கொண்டதால் மறுக்க முடியவில்லை. லைல் வரவில்லை. வேரா பேருந்தில் தனியாக வந்திருந்தாள். கல்லறையிலிருந்து வீட்டுக்கு அவளை என் வண்டியில் கூட்டிவந்தேன். பாதி வழியில் கேட்டாள்:

"டாக்டர், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கப்பாவுக்கு நெஜமாவே மாடு பாக்கத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. அவர மாதிரி பாக்கத் தெரிஞ்சவர நான் பாத்ததே இல்ல."

"அப்புறம் ஏன் அந்தப் பன்னெண்ட எங்களுக்குக் குடுத்தார்?"

எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். நோட்டில் இருந்ததையும் சொல்லவேண்டும், கொட்டகைக்குப் பின்னால் இருந்ததையும் சொல்லவேண்டும். அதற்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். லூயெல்லா கறுப்பு உடையில் வெளியே நின்றுகொண்டிருந்தாள். வேரா கொஞ்ச நேரம் என் பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.